சுண்ணாம்பு நீர் மறுபடி தெளியும் என்று பாடத்தில் இருக்கிறது. தெளிய மாட்டேங்குதே?

லேப்_உதவி | டிசம்பர் 27, காலை 10.12

சுண்ணாம்பு நீரில் கார்பன் டை ஆக்சைடு போனால் பால் நிறம். இன்னும் விட்டால் கால்சியம் பைகார்பனேட் ஆகித் தெளிந்துவிடும். எல்லாப் புத்தகத்திலும் இதுதான். பால் நிறம் வருகிறது, தெளிவது மட்டும் வரவே இல்லை. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைக் கரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் எடுத்து ஸ்ட்ராவால் ஊதினால், வாய் வலிக்கிற வரைக்கும் அதே வெள்ளை. பொங்கல் முடிந்ததும் கண்காட்சி இருக்கிறது. கடைச் சுண்ணாம்பில் கலப்படம் என்பது என் முடிவு. சுத்தமான சரக்கு மதுரையில் எங்கே கிடைக்கும்?

திருநகர்_மோல் | டிசம்பர் 27, காலை 11.40

கலப்படம் இல்லை. சுண்ணாம்பு நன்றாக இருப்பதால்தான் தெளியவில்லை.

30 டிகிரியில் தெவிட்டிய சுண்ணாம்பு நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கும். மூலக்கூறு எடை 74, ஆக 20 மில்லிமோல் (துகள் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு). அத்தனையும் கார்பனேட் ஆனால் லிட்டருக்கு 2 கிராம் வீழ்படிவு. இந்த 20 மில்லிமோலும் பைகார்பனேட்டாகத் திரும்பக் கரைய வேண்டும் என்று புத்தகம் எதிர்பார்க்கிறது. ஆனால் 25 டிகிரியில், சுத்தமான கார்பன் டை ஆக்சைடையே ஒரு வளிமண்டல அழுத்தத்தில் குமிழவிட்டால்கூடக் கரைவது சுமார் 9 மில்லிமோல்தான். பாதிகூட இல்லை.

மூச்சுக் காற்றின் நிலைமை இன்னும் மோசம். அதில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம். கரைகிற கால்சியம் வாயு அழுத்தத்தின் கன மூலத்தோடு போகும். 0.04இன் கன மூலம் 0.34. ஆக 3 மில்லிமோல். 20இல் 3 போக 17 வெள்ளையாகவே நிற்கும். நுரையீரலைக் கழற்றி வைத்து ஊதினாலும் தெளியாது.

ஒரு பங்கு சுண்ணாம்பு நீருக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துவிட்டு, வாயுவை வெளியே தயாரித்து விடுங்கள். 7 மில்லிமோலுக்குக் கீழே வந்துவிடும், தெளியும். மூச்சால்தான் செய்ய வேண்டும் என்றால் ஒன்றுக்குப் பத்து. அப்போது பால் நிறம் மெல்லியதாகத்தான் வரும். பின்னால் கறுப்பு அட்டை வைத்துப் பார்க்க வேண்டும்.

திருநகர்_மோல் | டிசம்பர் 27, பகல் 12.05

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 9 என்பது 25 டிகிரிக்கு. மதுரை லேபில் மதியம் அதற்கு மேலேதான் இருக்கும். சூடு ஏறினால் வாயு குறைவாகக் கரையும், கால்சைட்டும் (கால்சியம் கார்பனேட்டின் படிகம்) குறைவாகவே கரையும். இரண்டும் உங்களுக்கு எதிர். காலை முதல் பீரியடில் செய்யுங்கள்.

ஹைட்ராக்சைடும் சூட்டில் குறைவாகத்தான் கரையும். சர்க்கரை, உப்புக்கு நேர் எதிர். 0 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 1.85 கிராம், 20இல் 1.7, 100இல் 0.7. தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சும்மா அடுப்பில் வைத்தாலே கலங்கும். பார்ப்பவர்கள் கார்பனேட் என்று நினைப்பார்கள். ஆறவிட்டுக் குலுக்கினால் கரைந்துவிடும். கார்பனேட்டாக இருந்தால் கரையாது.

மேலூர்க்காரன் | டிசம்பர் 27, பகல் 12.31

மார்பிள் துண்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி வாயு எடுத்தால் எங்கள் பள்ளியில் ஜோராகத் தெளிந்தது. நீர்க்கவும் இல்லை ஒன்றும் இல்லை. கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

திருநகர்_மோல் | டிசம்பர் 27, மதியம் 1.15

தெளிய வைத்தது அமிலம். மார்பிளில் அமிலம் நுரைக்கும்போது நுண்துளிகளும் அமில ஆவியும் வாயுவோடு சேர்ந்து குழாயில் ஏறும். கார்பனேட்டை அமிலம் கரைத்தால் வருவது கால்சியம் குளோரைடு. கண்ணுக்கு அதே தெளிவுதான்.

சோதிப்பது எளிது. தெளிந்த நீரைக் கொதிக்க வையுங்கள். பைகார்பனேட் என்றால் வாயு வெளியேறி மறுபடி வெள்ளை விழும். குளோரைடு என்றால் கொதித்தாலும் கண்ணாடியாக நிற்கும். மார்பிள்தான் வேண்டுமென்றால் இடையில் ஒரு குடுவைத் தண்ணீர் வைத்து, அதன் வழியாகக் குமிழவிட்டுக் கழுவி அனுப்புங்கள். ஆப்பசோடாவும் வினிகரும் இன்னும் நல்லது: 5 கிராம் சோடாவுக்கு 80 மி.லி. வினிகர், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வாயு. 50 மி.லி. தெவிட்டிய நீர் முழுவதும் வெள்ளையாக 25 மி.லி. சுத்த வாயு போதும், மறுபடி கரைய இன்னொரு 25. பாதிக்கு மேல் கரையாமல் குமிழ்ந்து ஓடிவிடும் என்பதால் இருபது மடங்கு விரயம் ஆனாலும் கட்டுப்படியாகும்.

லேப்_உதவி | டிசம்பர் 28, காலை 9.50

நீங்கள் சொன்னபடி ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் ஊற்றினேன் சார். ஊதவே இல்லை, ஊற்றிய உடனே பால் நிறம்! தண்ணீர் போர் தண்ணீர்தான்.

குழாயடி | டிசம்பர் 28, காலை 10.20

அது கண்காட்சியில் வைக்க வேண்டிய இன்னொரு சோதனை. விடாதீர்கள்.

போர் தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் பைகார்பனேட் இருக்கிறது. சுண்ணாம்பு நீர் அதைப் பிடித்து, இரண்டு பேருடைய கால்சியத்தையும் கார்பனேட்டாகக் கீழே தள்ளுகிறது. கால்சியத்தை எடுக்கக் கால்சியத்தையே போடுவது முரண் மாதிரித் தெரியும். ஹைட்ராக்சைடு பைகார்பனேட்டின் புரோட்டானைப் பறித்துக் கார்பனேட் ஆக்குகிறது, கார்பனேட்டால் கால்சியத்தோடு கரைந்திருக்க முடியாது, அவ்வளவுதான். தாமஸ் கிளார்க் 1841இல் காப்புரிமை வாங்கிய முறை இது.

அளவு: தற்காலிகக் கடினத்தன்மை, அதாவது பைகார்பனேட்டால் வருவது, லிட்டருக்கு 300 மில்லிகிராம் (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால்) என்றால் 3 மில்லிமோல். அதற்கு 3 மில்லிமோல் சுண்ணாம்பு, 222 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு 222 கிராம் சுத்தச் சுண்ணாம்பு. சரக்கு 80 சதவீதம் என்றால் 278 கிராம். பொடியைக் கொட்டுவதைவிடத் தெவிட்டிய நீராகவே ஊற்றிச் சோதிப்பது நல்லது. ஒரு லிட்டர் போர் தண்ணீருக்கு சுமார் 145 மி.லி. நான்கு பாட்டிலில் 100, 125, 150, 175 என்று ஊற்றி, மெதுவாக 15 நிமிடம் கலக்கி, இரண்டு மணி நேரம் விட்டு, மேல் நீரில் சோப்பு நுரை பாருங்கள். எது நன்றாக நுரைக்கிறதோ அதுதான் உங்கள் போருக்கான அளவு.

சமையல்_சோடா | டிசம்பர் 28, காலை 11.02

அப்போ வீட்டுத் தொட்டியிலேயே போட்டுடலாமா? வாட்டர் ஹீட்டர் மாசம் ஒருக்கா உப்பு பிடிக்குது.

குழாயடி | டிசம்பர் 28, காலை 11.30

போடாதீங்க. காரணம் மூன்று. சுண்ணாம்பு போட்ட தண்ணீரின் பி.எச். 10க்கு மேல் நிற்கும், அதைக் குறைக்காமல் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. வீழ்படிவு நுண்ணியது, முழுதாக உட்காராமல் குழாய்க்குள்ளேயே போய் ஒட்டும்; ஹீட்டரில் படிந்தது இனிமேல் வால்வில் படியும். மூன்றாவதுதான் பெரியது: உங்கள் தண்ணீரில் இருப்பது நிலைத்த கடினத்தன்மை என்றால், அதாவது சல்பேட்டும் குளோரைடும் என்றால், சுண்ணாம்பால் ஒரு பயனும் இல்லை. மெக்னீசியம் சல்பேட் போய்க் கால்சியம் சல்பேட் வரும். கடினத்தன்மை அப்படியே.

எது உங்களுடையது என்று தெரிய, ஒரு லிட்டரை 15 நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்டி, பழைய அளவுக்குக் கேன் தண்ணீர் சேர்த்து, கொதிக்காததோடு சோப்பில் ஒப்பிடுங்கள். வித்தியாசமே இல்லை என்றால் சுண்ணாம்பை மறந்துவிடுங்கள்.

திருநகர்_மோல் | டிசம்பர் 28, பகல் 12.10

குழாயடி சொன்ன 222 கிராம் கால்சியம் பைகார்பனேட் மட்டும் என்றால்தான் சரி. மெக்னீசியம் பைகார்பனேட் பங்குக்கு இரண்டு மடங்கு வேண்டும்: முதல் மடங்கில் மெக்னீசியம் கார்பனேட் வரும், அது ஓரளவு கரையக்கூடியது. மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக விழ வைக்க இன்னொரு மடங்கு, பி.எச். 10.5க்கு மேல். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் கொஞ்சம் போகும். ஆகவே பாட்டில் சோதனைதான் நம்பகம்.

லேப்_உதவிக்கு: நீர்க்கக் காய்ச்சி வடித்த நீர், இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணீர்.

கொத்துக்கரண்டி | ஜனவரி 3, இரவு 8.45

தண்ணியப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கீங்க. பொங்கல் வருது, சொவத்துக்கு வாங்கண்ணே. வெள்ளையடிச்சு ஒரு வாரத்துல தொட்டா கையில மாவு மாதிரி வருதுன்னு எல்லா வீட்டுலயும் சண்ட. பெயிண்டர் கஞ்சி ஊத்தலங்குறான், வீட்டுக்காரர் சுண்ணாம்பு போலிங்குறாரு. ரெண்டும் இல்ல. காய்ஞ்ச சொவத்துல, உச்சி வெயில்ல, கெட்டியா ஒரே கோட்டா அடிச்சா உதிரத்தான் செய்யும்.

கல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு மூணு லிட்டர் தண்ணி. தண்ணி மொதல்ல, கல்லு அப்புறம். கல்லுல தண்ணிய ஊத்துனா மேல தெறிக்கும். தகர டிரம்முல நீத்துங்க; பிளாஸ்டிக் வாளி இளகிரும், அலுமினியம் அரிச்சிரும். கல்லு மொதல்ல சும்மா கெடக்கும், அப்புறம் வெடிச்சு உப்பும், தண்ணி தளதளன்னு கொதிக்கும். அப்பப் பக்கத்துல குனியக் கூடாது. கொதி அடங்குனதும் மேல ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கிற மாதிரி வச்சு மூடிருங்க. அடிக்கிறதுக்குக் கொறஞ்சது ரெண்டு நாள், பூச்சு வேலைக்கின்னா மூணு வாரம். அப்புறம் கிலோவுக்கு அஞ்சு லிட்டர் கணக்குல கரைச்சு, மெல்லிசு துணியில வடிச்சு, சொவத்த நனைச்சுட்டு மூணு மெல்லிசு கோட்டு. குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு. அடிச்ச கையோட ஈரத்துல ஒண்ணுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். வெள்ள தெரியலன்னு மேல மேல அப்பறதுதான் பிரச்சனையே.

திருநகர்_மோல் | ஜனவரி 3, இரவு 9.30

அண்ணன் சொன்னதற்குக் கணக்கு. கால்சியம் ஆக்சைடு 56 கிராமுக்குத் தண்ணீர் 18 கிராம் போதும். கிலோவுக்கு 320 மி.லி. மற்றதெல்லாம் ஆவியாகப் போகவும் குழம்பாக நிற்கவும். கிலோவுக்கு 1,100 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளிவரும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலை வரை ஏற்றுவதற்குக் கிட்டத்தட்ட அது போதும். தண்ணீரைக் கஞ்சத்தனமாக ஊற்றினால் உள்ளூர நூறைத் தாண்டி ஏறி, துகள் கட்டிதட்டிக் கரகரப்பாகிவிடும்.

உதிர்வதற்குக் காரணம்: சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக் கால்சைட்டாக மாறி இறுகுகிறது. அந்த மாற்றம் துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்துக்குள்தான் நடக்கும். வெயிலில் தண்ணீர் ஓடிவிட்டால் ஹைட்ராக்சைடு மாவாகவே நின்றுவிடும். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையில் தண்ணீரைப் புகையாகத் தெளித்தால் உயிர் வரும். ரொம்ப நனைந்து கிடந்தாலும் நடக்காது. துளையெல்லாம் தண்ணீராக இருந்தால் வாயு நுழையாது.

சமையல்_சோடா | ஜனவரி 4, காலை 7.40

நீலம் கலக்குறோமே, ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு, ஒரு வருஷம் பழுப்பா போச்சு. ஏன்?

திருநகர்_மோல் | ஜனவரி 4, காலை 8.15

துணிக்குப் போடும் பழைய பொடி நீலம் அல்ட்ராமரின். காரத்தைத் தாங்கும், அமிலத்தில் போய்விடும். பிரஷ்யன் நீலம் நேர் எதிர். சுண்ணாம்பு அதை உடைத்து இரும்பு ஹைட்ராக்சைடு ஆக்கும், அந்தப் பழுப்பு துருவின் நிறம். வாங்கிய நீலத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு இரவு விட்டுப் பாருங்கள்.

வண்டியூர்_வாசி | ஜனவரி 4, மாலை 6.20

திருமலை நாயக்கர் மகால் தூண் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு, அதனால்தான் வழவழப்பு என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். 1636 கட்டடம் இன்னும் நிற்கிறது. நாம் மூன்று கோட்டு அடித்தால் மூன்று பொங்கலுக்குத் தாங்க மாட்டேங்குது. முட்டைதான் ரகசியமா?

கொத்துக்கரண்டி | ஜனவரி 4, இரவு 9.10

முட்டைய ஊத்தி அடிச்சா வழவழப்பு வந்துருமா? தேய்ப்புல வர்றது அது. நல்லா நீத்துன சுண்ணாம்ப வெண்ணெயா அரைச்சு, கடைசி பூச்சு மெல்லிசா இழுத்து, ஈரம் இழுக்குற பதத்துல வழவழப்பான கூழாங்கல்ல வச்சுத் தேய்க்கணும். சீக்கிரம் தேய்ச்சா ஒட்டிக்கிட்டு வரும், தாமசமானா கீறல் விழும். பெரிய ஆளுங்க விரல் வச்சுப் பார்த்தே சொல்லிருவாங்க.

கிளிஞ்சல் சுண்ணாம்புன்னா பூச்சுக்கு மேல். ராமநாதபுரம் பக்கமிருந்து வரும். வெள்ளையா இருக்கும், மண்ணு கெடையாது. கல் சுண்ணாம்புல வேகாத கல்லும் இருக்கும், ரொம்ப வெந்த கல்லும் இருக்கும். வேகாதது வடிகட்டுனா போயிரும். ரொம்ப வெந்ததுதான் சனியன்: சொவத்துக்குள்ள போயி ஆறு மாசம் கழிச்சு நீத்துப் போயி உப்பும். பூச்சுல காசளவுக்குக் குழி விழுந்து, நடுவுல ஒரு வெள்ளப் புள்ளி தெரிஞ்சா அதான். மூணு வாரம் ஊற வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

திருநகர்_மோல் | ஜனவரி 5, காலை 6.50

தூண் நிற்பதற்குச் சுண்ணாம்பு மட்டும் காரணம் இல்லை. உள்ளே செங்கல், மேலே சுதைப்பூச்சு. செங்கல் தூளைச் சுண்ணாம்போடு சேர்த்தால் (சுர்க்கி) அதில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் காரத்தில் மெல்லக் கரைந்து கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் ஆகும். சிமெண்டில் வருவதும் இதே குடும்பம். இதற்குக் காற்று வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே இறுகும். கிணற்று வளையத்துக்கும் கண்மாய் மடைக்கும் சுர்க்கி போட்டது இதனால்தான். நன்றாக வெந்து கறுத்த செங்கலின் தூள் உதவாது, அதில் உள்ள சிலிக்கா சோம்பிவிடும். இளவேக்காட்டுச் செங்கல் வேண்டும்.

எவ்வளவு ஆழம் இறுகியிருக்கிறது என்று பார்க்கப் பூச்சை ஒரு துண்டு உடைத்து, உடைந்த முகத்தில் உடனே பினாப்தலீன் தெளிக்கலாம். இளஞ்சிவப்பு வந்த இடம் இன்னும் ஹைட்ராக்சைடு, நிறம் வராத இடம் கார்பனேட் ஆனது. ஓரத்தில் நிறமில்லாத பட்டையும் நடுவில் சிவப்பும் ஒரு கோடு போட்டதுபோல் பிரியும். தடித்த சுவரில் பல பத்தாண்டுக்குப் பிறகும் நடுவில் சிவப்பு வருவதுண்டு. மகாலில் போய் உடைத்துப் பார்க்காதீர்கள், தொல்லியல் துறை உங்களை உடைத்துவிடும்.

பனங்காடு | ஜனவரி 5, காலை 9.25

கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் விட்டுட்டீங்களே. முட்டையை விட அதுதான் நிறையப் போகும்.

வெல்லம் ஏன் என்பது பனை ஏறுகிற எங்களுக்குத் தெரியும், வேறு வழியில். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாவிட்டால் விடிவதற்குள் கள். காரத்தில் ஈஸ்ட் வேலை செய்யாது. தெளியவிட்டு வடித்த பதநீரிலும் சுண்ணாம்பு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சுக்ரோஸ் கால்சியத்தைப் பிடித்துச் சுக்ரேட்டாகக் கரைய வைக்கும். வெறும் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைவது, சர்க்கரைத் தண்ணீரில் பல மடங்கு கரையும். கருப்பட்டி காய்ச்சும்போது இந்தச் சுண்ணாம்பு மிஞ்சினால் பாகு கறுத்து, கட்டியில் ஒரு கசப்பு நிற்கும்.

லேப்_உதவி | ஜனவரி 5, காலை 10.05

அப்போ பதநீரில் ஊதினால்?

பனங்காடு | ஜனவரி 5, காலை 10.20

கலங்கும். கால்சியம் கார்பனேட் விழும். சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றுக்குச் சுண்ணாம்பு போட்டு, பிறகு கார்பன் டை ஆக்சைடு விட்டு, அழுக்கையும் சேர்த்துக் கீழே இழுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதேதான். ஆனால் பதநீரை ஊதிக் குடிப்பவனை எங்கள் ஊரில் சேர்க்க மாட்டோம்.

திருநகர்_மோல் | ஜனவரி 5, பகல் 11.50

சாந்தில் வெல்லத்தின் வேலையும் அதுவே: கரைந்த கால்சியம் கூடுகிறது, சாந்து குழைவாகிறது, குறைந்த தண்ணீரில் வேலை நடக்கிறது. அளவு மீறினால் இறுகுவதே தள்ளிப் போகும். “பாட்டன் காலத்தில் மூட்டை மூட்டையாகப் போட்டார்கள்” என்று கேட்டுக்கொண்டு கொட்டிவிட வேண்டாம்.

சர்க்கரையால் இன்னொரு உபயோகம். மூட்டைச் சுண்ணாம்பில் உண்மையான ஹைட்ராக்சைடு எவ்வளவு என்று அளக்க இதைவிட நல்ல வழி கிடையாது. 0.5 கிராம் தூளைச் சில துளித் தண்ணீரில் நனைத்து, 100 மி.லி. 10 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போட்டு, மூடிக் கால் மணி நேரம் குலுக்குங்கள். ஹைட்ராக்சைடு கரையும், கார்பனேட் கரையாது. இரண்டு துளி பினாப்தலீன் விட்டு 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பாருங்கள். முழுச் சுத்தம் என்றால் 27 மி.லி. பிடிக்கும். மி.லி.க்கு 3.7 சதவீதம் என்று பெருக்கிக்கொள்ளலாம். சிவப்பு முதல் தடவை போனவுடன் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும், அதைத் துரத்தக் கூடாது.

மேலூர்க்காரன் | ஜனவரி 5, மதியம் 2.40

பியூரெட் இல்லாதவன் என்ன செய்ய? ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறதே. கடையிலேயே மஞ்சள் வைத்துப் பார்த்துவிடலாமே.

திருநகர்_மோல் | ஜனவரி 5, மதியம் 3.05

சிவந்தால் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மஞ்சள் பி.எச். 7.4இலிருந்து 8.6க்குள்ளேயே மாறிவிடும். தெவிட்டிய சுண்ணாம்பு 12.4. பத்தில் ஒரு பங்கு உயிர் இருந்தாலும் ரத்தச் சிவப்பு காட்டும். இருக்கிறதா என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள்: பொங்கி நுரைத்தால் பெரும்பகுதி கார்பனேட், மூட்டை செத்துவிட்டது. நுரைக்காமல் கரைந்தால் வாங்கலாம்.

கொடிக்கால் | ஜனவரி 9, அதிகாலை 5.30

சோழவந்தான் பக்கத்திலிருந்து. செத்த மூட்டை எங்களுக்கு வெற்றிலைக் கொடியையே சாகடிக்கும், அதனால் எழுதுகிறேன். போர்டோ கலவைக்கு (துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) இந்த நேரம்தான். பனியும் ஈரமும், வேர் அழுகல் வரும்.

1 சதவீதக் கலவை: மயில்துத்தம் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தம் 50 லிட்டரில் ஒரு டிரம், சுண்ணாம்பு 50 லிட்டரில் இன்னொரு டிரம். இரண்டும் ஆறியிருக்க வேண்டும். துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிதிரியாகிச் சீக்கிரம் அடியில் உட்காரும், விசைத்தெளிப்பான் அடைக்கும். பிளாஸ்டிக் டிரம் போதும், இரும்பு கூடாது, தாமிரம் அதில் படிந்துவிடும். கொடிக்காலுக்கு இதை இன்னும் நீர்த்துத்தான் வேரில் ஊற்றுவார்கள். அந்த அளவை வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

தீட்டிய கத்தியைக் கலவையில் சில நிமிடம் முக்கி எடுங்கள். வெள்ளி நிறமாக வந்தால் சரி. அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, இலை கருகும். கத்தி சுத்தமாகும் வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றைக்கே தீர்க்க வேண்டும்.

மேலூர்க்காரன் | ஜனவரி 9, காலை 8.00

சுட்ட கல் கிடைக்கவில்லை, நீற்றிய பொடிதான் இருக்கிறது. அதுவும் ஒரு கிலோ போதுமா?

கொடிக்கால் | ஜனவரி 9, காலை 8.25

1.3 கிலோ போடுங்கள். 74ஐ 56ஆல் வகுத்தது. பழைய மூட்டை என்றால் கத்திதான் முடிவு சொல்லும், தராசு இல்லை.

திருநகர்_மோல் | ஜனவரி 9, காலை 9.10

வேதியியல் கணக்குப்படி ஒரு கிலோ மயில்துத்தத்தில் 4 மோல் தாமிரம். அதை விழ வைக்கச் சுட்ட சுண்ணாம்பு 225 கிராமே போதும். இந்தக் கலவையைக் கொண்டுவந்த பிரெஞ்சு அறிஞர் மில்லர்டே 1885இல் எழுதிய காலத்திலிருந்தே மிகையாகத்தான் போடுகிறார்கள். மிஞ்சும் சுண்ணாம்பு கரைந்த தாமிரத்தை அடக்கி வைக்கும், இலையில் ஒட்டவும் உதவும். பிறகு காற்றுப்பட்டுக் கார்பனேட் ஆக ஆக, காரம் தணிந்து தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்.

கொத்துக்கரண்டி | ஜனவரி 9, இரவு 8.50

மறந்துட்டேன். கண்ணுல தெறிச்சா எலுமிச்ச, வினிகர்னு எதையும் விடாதீங்க. கார எரிச்சலுக்குப் புளிப்புன்னு ஒருத்தன் சொல்லுவான், அவனத் தள்ளி நிறுத்துங்க. ஓடுற தண்ணியில அரை மணி நேரம் கழுவணும், இமையப் பொரட்டி உள்ள ஒட்டியிருக்க துகளையும் கழுவணும், அப்புறம் நேரா கண்ணாஸ்பத்திரி. கட்டி உள்ளயே இருந்தா கழுவக் கழுவக் கரைஞ்சு எரிச்சுக்கிட்டே இருக்கும். வெத்தலச் சுண்ணாம்பு டப்பா, பாக்கெட்ட பிள்ளைங்க கையில குடுக்காதீங்க. அமுக்குனா நேரா மொகத்துக்குத்தான் பீச்சும்.

சமையல்_சோடா | ஜனவரி 10, காலை 7.15

வெள்ளையடிச்சு அரை டிரம் மிச்சம் இருக்கு. தென்னைக்குப் போடுற அமோனியம் சல்பேட்டோட கலந்து வச்சுடலாமா? ரெண்டும் உரம்தானே.

திருநகர்_மோல் | ஜனவரி 10, காலை 7.40

கலந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். அமோனியம் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் அமோனியா. பள்ளியில் அந்த வாயுவைத் தயாரிப்பதே இப்படித்தான். தழைச்சத்து காற்றில் போய் ஜிப்சம் மட்டும் மிஞ்சும். யூரியா, டி.ஏ.பி. பக்கமும் கொண்டு போகாதீர்கள்.

கொத்துக்கரண்டி | ஜனவரி 10, காலை 8.30

மிச்சத்த ஏன் கொட்டணும்? மேல ரெண்டு அங்குலம் தண்ணி நிக்கட்டும், மூடி வைங்க. மேல பாலாட மாதிரி ஒரு ஏடு படியும், தொட்டா ஓடு மாதிரி ஒடையும். அத எடுக்காதீங்க, காத்த அதுதான் தடுக்கும். தண்ணி வத்தாமப் பார்த்துக்கிட்டா அடுத்த வருசம் இன்னும் நல்லா வழுக்கும், பூச்சு வேலைக்கே ஆகும்.